யன்னலைப் பூட்டுகிறோம், காய்ச்சல்காரப் பிள்ளையை அனுப்புகிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருகோணமலையில் மாரி பிடித்துவிட்டால் நாங்கள் இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்கிறோம். யன்னலை இறுக்கிப் பூட்டுகிறோம், மூக்கு ஒழுகுகிற பிள்ளைக்கு ஒரு பனடோலைக் கொடுத்து ரியூசனுக்கு அனுப்புகிறோம். ஒரு கிழமையில் வகுப்பே இருமுகிறது, அடுத்த கிழமை வீட்டில் அப்பம்மா படுக்கிறார், "இந்த முறை காலநிலை சரியில்லை" என்று வானத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு மறுபடியும் பனடோல் வாங்கப் போகிறோம். இதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நீளமாக இருந்தால் வெட்டுங்கள், ரியூட்டரி (ரியூசன் நடக்கிற இடம்) பற்றிய பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

முதலில் குளிர். எங்கள் ஊர்க் குளிரை நுவரெலியாக்காரரிடம் சொன்னால் சிரிப்பார்கள். மார்கழி, தையில் இரவு 23, 24 பாகைக்கு இறங்கினாலே நாங்கள் காதைச் சுற்றித் துணி கட்டுகிற ஆட்கள். வாடைக்காற்று பட்டதால் தடிமன், தலை துவட்டாததால் காய்ச்சல் என்று கேட்டுத்தான் எல்லோரும் வளர்ந்தோம். ஆனால் கிருமி இல்லாமல் வெறும் குளிரால் தடிமன் வராது. இன்புளுவென்சா, ஆர்.எஸ்.வி என்ற சுவாச வைரஸ், சாதாரண தடிமனைக் கொடுக்கும் ரைனோ வைரஸ், இன்னும் எங்களை விட்டுப் போகாத கொரோனா எல்லாம் ஒருவரின் மூச்சிலும் இருமலிலும் இருந்து அடுத்தவருக்குப் போகிறவை. அதற்காக மாரிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்ல ஏலாது. இலங்கையில் இன்புளுவென்சா வருடத்தில் இரண்டு தடவை கூடுகிறது, நடு வருடத்தில் ஒன்று, வருடக் கடைசியில் ஒன்று, அந்த இரண்டாவது எங்கள் வடகீழ்ப் பருவமழையோடு வந்து சேருகிறது. மழை பெய்தால் சனம் உள்ளே போகும், உள்ளே போனால் கதவைச் சாத்தும், சாத்தினால் ஒருவர் விட்ட மூச்சைத்தான் மற்றவர் இழுக்க வேண்டும்.

இனி ரியூட்டரி. பெயர் சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை, நான் பார்த்த மற்ற இடங்களும் ஏறக்குறைய இப்படித்தான். என் மகள் போவது ஒரு நீள மண்டபம், மேலே தகரம், இரண்டு பக்கமும் அரைச் சுவர். கோடையில் அந்த அரைச் சுவருக்கு மேலால் காற்று நன்றாக வரும், குறை சொல்ல ஒன்றுமில்லை. மழை தொடங்கியதும் சாரல் அடிக்கிறது என்று இரண்டு பக்கமும் தறப்பாளை இறக்கி, கீழே கயிறு போட்டு இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். உள்ளே ஒரு வாங்கில் ஆறு பேர். முன் வாங்குப் பிள்ளையின் பின்னல் பின் வாங்குப் பிள்ளையின் கொப்பியில் கிடக்கும், அவ்வளவு நெருக்கம். நனைந்த குடையெல்லாம் மூலையில் குவிந்திருக்கும், மேலே நாலு மின்விசிறி சுற்றும். மின்விசிறி சுற்றுகிறதுதானே, காற்றோட்டத்துக்கு என்ன குறை என்று நடத்துகிறவர் என்னிடம் கேட்டார். அது உள்ளே கிடக்கிற காற்றையே போட்டுக் கலக்குகிறது ஐயா, வெளிக் காற்று வர ஒரு வழி வேண்டாமா? இரண்டரை மணித்தியாலம் அதற்குள் இருந்துவிட்டு வெளியே வருகிற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாலே தெரியும். சேர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு கத்திக் கத்திப் படிப்பிக்கிறார், அவருக்கும் இருமல்.

மழை எந்தப் பக்கத்தால் அடிக்கும் என்று திருகோணமலையில் பிறந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன. வாடை வடகிழக்கால் வரும். அந்தப் பக்கத் தறப்பாளை இறக்குங்கள், சரி. மற்றப் பக்கத்தை ஏன் இறக்க வேண்டும்? அதையும் இறக்கித்தான் ஆக வேண்டுமென்றால் மேலே ஒரு முழம் விட்டுக் கட்டலாம். சுவருக்கு வெளியே இரண்டு அடிக்குத் தகரச் சாய்ப்பு ஒன்று இறக்கினால் தறப்பாளே தேவைப்படாது. நடுவில் பத்து நிமிடம் வகுப்பை நிறுத்தி, தறப்பாளைச் சுருட்டி, பிள்ளைகளை எழும்பி நடக்கவிட்டாலும் போதும், சேருக்கும் தொண்டை ஆறும்.

சரி, காய்ச்சல் வந்த பிள்ளை ஏன் வீட்டில் நிற்பதில்லை? பிள்ளையைக் கேட்டால் "ரியூட் (அச்சடித்த பாடக் குறிப்பு) தரமாட்டார்கள், விட்டதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள்" என்கிறது. உண்மைதான். உயர்தரப் பரீட்சை 2024இலும் 2025இலும் நவம்பரில்தான் தொடங்கியது (இரண்டு முறையும் மழையும் புயலும் வந்து இடையில் நிறுத்த வேண்டியும் வந்தது, அது வேறு கதை), ஆகவே கிருமி கூடுகிற நேரமும் பிள்ளைகள் விழுந்து விழுந்து படிக்கிற நேரமும் ஒன்றாகிவிட்டது. பாடசாலையிலோ வருடம் முழுக்க ஒரு நாளும் லீவு எடுக்காத பிள்ளைக்கு மேடையில் பரிசு, கைதட்டல். அந்தப் பரிசை வாங்கிய பிள்ளை எத்தனை நாள் காய்ச்சலோடு வந்து பக்கத்திலிருந்த பிள்ளைக்குக் கொடுத்தது என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. அந்தப் பரிசை நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து. ஆசிரியர்மார் கோபிக்கக் கூடாது.

இன்புளுவென்சா வந்தவர் காய்ச்சல் தெரிய வருவதற்கு ஒரு நாள் முன்னமே மற்றவருக்குப் பரப்பத் தொடங்கிவிடுவார், அதற்குப் பிறகும் ஐந்து தொடக்கம் ஏழு நாள் வரை பரப்புவார், சின்னப் பிள்ளைகள் இன்னும் கூட நாளைக்கு. முழுதாகத் தடுக்க முடியாதுதான். ஆனால் அதிகமாகப் பரவுவது முதல் மூன்று நான்கு நாளில், அந்த நாட்களிலாவது வீட்டில் வைத்திருங்கள். பனடோல் போடாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அப்புறம் அனுப்பலாம். காலையில் பனடோல் கொடுத்து உடம்பு குளிர்ந்ததும் "சுகமாகிவிட்டது" என்று அனுப்புவதில் அர்த்தமில்லை, பதினொரு மணிக்குப் பாடசாலையிலிருந்து போன் வரும்.

பெரியவர்கள் விஷயம் வேறு. மாரியில் கடல் கொந்தளிப்பு, படகு கரையில் கிடக்கும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் வருவது கோடையில்தான், ஹோட்டலில் வேலை செய்கிற பொடியன்மாருக்கும் இந்த மாதங்களில் வேலை குறைவு. கிடைக்கிற நாட்கூலியைத் தடிமனுக்காக விடு என்று அவர்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு முகக்கவசம் போட்டுக்கொண்டு போங்கள் என்று மட்டும் கேட்கலாம். மூக்குக்கு மேலே உள்ள கம்பியை அமத்தி, நாடிக்குக் கீழே இழுத்துவிட்டு. நாடியில் தொங்கவிட்டுக்கொண்டு வெற்றிலை போடுகிறவர்களை எண்ணி முடியாது.

முகக்கவசம் என்றதும் "கொரோனா முடிந்துதே" என்கிறார்கள். அந்த நாட்களில் நடந்த இன்னொரு விஷயத்தைச் சனம் கவனிக்கவில்லை. 2020இலும் 2021இலும் உலகம் முழுக்க முகக்கவசமும், வீட்டில் இருத்தலும், பயணத்தடையுமாக இருந்தபோது இன்புளுவென்சா கிட்டத்தட்டக் காணாமலே போய்விட்டது. அதிலும் பி யமகட்டா என்ற ஒரு கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்குமே உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை, அதனால் தடுப்பூசியிலிருந்தே அதை எடுத்துவிடச் சொல்லிவிட்டார்கள். மனிதர் மூச்சைக் கொஞ்சம் அடக்கியதில் ஒரு வைரஸ் கிளையே இல்லாமல் போனது என்றால் பாருங்கள். எல்லோரும் திரும்ப வீட்டுக்குள் பூட்டிக்கொண்டு இருங்கள் என்று நான் சொல்லவில்லை, யாரால் ஏலும். இருமுகிறவர் மட்டும் போட்டாலே பெரிய விஷயம்.

அந்தக் காலத்தில் கடைக்கும் பாடசாலைக்கும் கந்தோருக்கும் முன்னால் கட்டிய கைகழுவும் தொட்டிகளையும் போய்ப் பாருங்கள். காலால் அமத்தினால் தண்ணீர் வருமே, அவைதான். எங்கள் பக்கத்தில் ஒன்றில் யாரோ ரோசாச் செடி வைத்திருக்கிறார்கள், இன்னொன்றில் தண்ணீர் வருகிறது, சவர்க்காரம் இல்லை. வெறும் தண்ணீரில் விரலை நனைப்பது போதாது, சவர்க்காரம் போட்டு இருபது செக்கனாவது தேய்க்க வேண்டும். பாடசாலைக்கு மாதம் நாலு கட்டிச் சவர்க்காரம் வாங்கப் பழைய மாணவர் சங்கத்தால் முடியாதா? நுழைவாயில் வளைவு கட்டக் காசு சேர்க்கிறார்கள்.

யன்னலைத் திற என்றால் அடுத்த பதில், நுளம்பு வரும். நியாயமான பதில். ஆனால் பூட்டிய அறைக்குள் நுளம்புத் திரியைக் கொளுத்தி வைத்துவிட்டுக் குழந்தையோடு படுக்கிறோமே, அது என்ன நியாயம்? ஒரு திரி எரிந்து முடிய வெளிவிடும் நுண்துகள் 75 தொடக்கம் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. தொய்வு (ஆஸ்துமா) உள்ள பிள்ளைக்கு இரவில் இருமல் கூடுவது ஏன் என்று பிறகு வைத்தியரிடம் கேட்கிறோம். இன்னொன்று, டெங்கைப் பரப்பும் நுளம்பு பெரும்பாலும் பகலில்தான் கடிக்கும், காலையிலும் பின்னேரமும். இரவுத் திரி அதற்கு உதவப் போவதில்லை. யன்னலுக்கு வலை அடியுங்கள், படுக்கைக்கு நுளம்புவலை கட்டுங்கள், வளவுக்குள் கிடக்கிற சிரட்டையையும் தயிர்ச் சட்டியையும் கவிழ்த்து வையுங்கள். அப்படியே காலையில் ஈரக் குப்பையைக் கூட்டிக் கொளுத்துகிற பழக்கத்தையும் விட்டால் நல்லது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரம் கடலுக்கு அப்பாலிருந்து மாசு அடித்து வந்து, 9ஆம் திகதி நாடு முழுக்கப் பாடசாலைகளை மூடினார்களே. அந்தப் புகையை எங்களால் நிறுத்த ஏலாது, பக்கத்து வளவுப் புகையை நிறுத்தலாம்.

பச்சைக் குழந்தை உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை, இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பிள்ளை பார்க்க என்று வருகிறார்கள், வந்ததும் தூக்கிக் கன்னத்தில் கொஞ்சுகிறார்கள், பிறகு "எனக்கு லேசாத் தடிமன், கிட்ட வரேல்ல" என்கிறார்கள். பெரியவருக்கு மூக்கொழுகலோடு போகிற ஆர்.எஸ்.வி கைக்குழந்தையின் நெஞ்சில் இறங்கினால் மூச்சு விடவே கஷ்டப்படுத்தும். தடிமன் உள்ளவர் ஒரு மாதம் கழித்து வந்து பார்த்தால் குழந்தை ஓடிவிடாது. சொல்ல வெட்கமாக இருக்கிறது என்று தாய்மார் வாய் திறப்பதில்லை, மாமியார் சொல்லலாம், அவர்கள் சொன்னால் ஒருவரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதற்கு எந்த வீட்டிலும் பார்க்கக்கூடிய ஒரு வழி இருக்கிறது. பிள்ளை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாகவோ நித்திரையாகவோ இருக்கும்போது சட்டையை மேலே தூக்கிவிட்டு வயிறு ஏறி இறங்குவதைப் பாருங்கள். ஒரு தரம் ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. போனில் மணிக்கூட்டை வைத்து முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும், அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது, குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக இராது. இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50 அல்லது மேல், ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40 அல்லது மேல் என்றால் அது வேகமான மூச்சு, உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்ளே குழி விழுந்தாலோ, மூக்குத் துவாரம் விரிந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ எண்ணிக்கொண்டு இருக்கவும் வேண்டாம். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். இதை நீங்கள் ஒரு சின்னப் பெட்டிக்குள் போட்டு அச்சடித்தால் வெட்டி அலுமாரியில் ஒட்டி வைப்பார்கள்.

வேது பிடிப்பதைப் பற்றி நீட்டவில்லை. பெரியவர்களுக்கு ஒரு சுகம் கிடைக்கும், பிடியுங்கள். கொதிக்கிற சட்டிக்கு முன்னால் சின்னப் பிள்ளையைப் போர்வைக்குள் வைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றுப்பட்டு வெந்த பிள்ளைகள் உண்டு. மல்லித் தண்ணியும் இஞ்சிக் கோப்பியும் தாராளமாகக் குடியுங்கள். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் நக்கவும் கொடுக்க வேண்டாம்.

எனக்கு உண்மையில் பயம் தருவது கடையில் வாங்குகிற "செற்". "தடிமன் காய்ச்சலுக்கு ஒரு செற் தாங்கோ" என்றால் கடதாசியில் சுற்றி நாலு வகைக் குளிசை வரும், அதில் ஒன்று அன்ரிபயோட்டிக், இன்னொன்று நோவுக் குளிசை. அன்ரிபயோட்டிக் வைரஸைக் கொல்லாது, மூன்று குளிசை போட்டு நிறுத்தினால் நாளை உண்மையாகவே தேவைப்படும்போது வேலை செய்யாமல் போகும் வாய்ப்புத்தான் கூடும். நோவுக் குளிசை அதைவிட ஆபத்து. ஏனென்றால் எங்கள் மாரியில் காய்ச்சல் என்று வருவது எல்லாம் தடிமன் காய்ச்சல் இல்லை. டெங்கும் இதே மாதங்களில்தான் கூடுகிறது, 2017 தொடக்கத்தில் கிண்ணியா பட்ட பாட்டை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். டெங்கு என்று தெரியாமல் டைக்ளோபெனக், இபுபுரூபன், அஸ்பிரின் போட்டால் இரத்தப் பெருக்குக்கு வழி செய்கிறோம். பரசிட்டமோல் மட்டும், அதுவும் அளவாக. காய்ச்சல் மூன்றாம் நாளுக்கும் போனால் இரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள்.

எலியின் சிறுநீர் கலந்த தண்ணீராலும் சேற்றாலும் வரும் எலிக்காய்ச்சலும் இருக்கிறது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலும் மூச்சுத் திணறலுமாக அடுத்தடுத்து ஆட்கள் இறந்தபோது மர்மக் காய்ச்சல் என்றுதான் முதலில் பேச்சு அடிபட்டது, பரிசோதித்துப் பார்த்தால் எலிக்காய்ச்சல். தம்பலகாமம், கந்தளாய், மூதூர்ப் பக்கம் பெரும்போகத்துக்குச் சேற்றில் இறங்குகிறவர்கள், வெள்ளத் தண்ணிக்குள் நடந்தவர்கள் காய்ச்சல் வந்தால் "வயலுக்குள் நின்றனான்" என்று வைத்தியரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். அவர் கேட்பார் என்று காத்திருக்கக் கூடாது. வயலில் இறங்க முன்னமே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ தடுப்புக் குளிசை கேட்டு வாங்கலாம், காசு இல்லை.

இன்புளுவென்சாத் தடுப்பூசி அரச தடுப்பூசி அட்டவணையில் இல்லை, காசு கொடுத்துத்தான் போட வேண்டும், ஒவ்வொரு வருடமும் போட வேண்டும், உடம்பில் பிடிக்க இரண்டு கிழமை எடுக்கும். எல்லோருக்கும் கட்டுபடியாகாது என்று தெரியும். ஆனால் வயோதிபர், கர்ப்பிணிகள், நீரிழிவு, இதய நோய், தொய்வு உள்ளவர்கள் கிளினிக்குக்குப் போகும்போது வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம். வெளிநாட்டுப் பிள்ளைகள் தை மாதத்துக்கு அனுப்புகிற காசில் இது அம்மாவுக்குப் புதுச் சீலையை விட உபயோகம்.

திருவெம்பாவைக்கு விடிய எழும்பிப் போகிறவர்கள், நத்தார் ஆராதனைக்குப் போகிறவர்கள், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே வேண்டுகோள்தான்: இருமல் என்றால் வெளி மண்டபத்தில் நில்லுங்கள், காற்றுப்படுகிற இடத்தில். வெள்ளம் வந்து சனத்தைப் பாடசாலைகளில் இருத்தும்போதும் இதை யாராவது யோசிக்க வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மாவிலாறு அணைக்கட்டு உடைந்தபோது பாய்க்குப் பக்கத்தில் பாயாகப் படுத்திருந்தார்கள். அங்கே இருமுகிறவர்களுக்கு ஒரு வகுப்பறையைத் தனியாக ஒதுக்குவதற்குப் பெரிய செலவில்லை, கிராம சேவகர் முதல் நாளே சொன்னால் நடக்கும்.

திரும்ப ரியூட்டரிக்கு வருகிறேன், அதற்காகத்தான் பேனையை எடுத்தேன். நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது மூன்று விஷயம்: சாரல் அடிக்காத பக்கத் தறப்பாளைத் திறந்து விடுங்கள், காய்ச்சலில் நின்ற பிள்ளைக்கு ரியூட்டை எடுத்து வைத்துப் பாடத்தை வாட்ஸ்அப்பில் போடுங்கள், இருமுகிற பிள்ளையை நாலு பேருக்கு முன்னால் ஏசாமல் வாசலுக்குக் கிட்ட இருத்துங்கள். மகளின் வகுப்புப் பெற்றோர் சிலர் சேர்ந்து போய் இதைச் சொன்னோம், தகரச் சாய்ப்புக்கு ஆகும் செலவில் பாதியை நாங்கள் போடுகிறோம் என்றும் சொன்னோம். மழை விட்டதும் பார்க்கலாம் என்றார். மழை விட்டால் சாய்ப்பு எதற்கு?

இப்படிக்கு,
ஒரு பெற்றோர்,
உவர்மலை, திருகோணமலை.